பதினொரு பல், அறுபத்திரண்டாயிரம் மைல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் பேத்தி உருண்டையும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து நாங்கள் இருவரும் வாதமே இல்லாமல் ஒத்துப்போகும் விஷயம் அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, விமானக் கம்பெனி கிரெடிட் கார்டு எப்படி இருக்கிறது, நல்ல பலன்தானே, அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். நான் ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு போனை உங்கள் அத்தையின் கையில் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்று சொல்வது மாமனார்களுக்கு வாயில் ஊறிப்போன பழக்கம். ஆனால் சம்பந்தி அவர்கள் விஷயம் என்று வந்த பிறகு அப்படியே விட்டுவிட மனசு ஒப்பவில்லை. அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான், பக்கத்திலிருந்து உங்கள் அத்தை திருத்திக்கொண்டே இருப்பாள். இதில் எங்காவது உங்களைக் குறை சொல்வதுபோலத் தெரிந்தால் அது என் எழுத்தின் குறையே தவிர மனசின் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நீங்கள் ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வந்து எங்களோடு இரண்டு நாள் தங்கியிருந்தீர்கள் அல்லவா, அப்போது மருந்துக்கடையில் நான் சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள். மரியாதையாகத்தான் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும், "மாமா, நீங்க எப்படியும் செலவு பண்ணத்தான் போறீங்க. அதையே கார்டுல பண்ணுங்க. கார்டுக்காரனே உங்க ரெண்டு பேரையும் ஃப்ளைட்ல தூக்கிட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல விட்டுடுவான்" என்றீர்கள். அடுப்படியில் இருந்த உங்கள் அத்தை கரண்டியோடு வெளியே வந்தாள். மகள் கடல் தாண்டிப் போய் மூன்று வருஷம். பேத்தி பிறந்து அப்போது ஆறு மாதம். அவளை நாங்கள் உள்ளங்கை அகலப் போன் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருந்தோம். நானோ முப்பத்திநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். நான் ஏறிய அதிகபட்ச உயரம் பதினாலாவது மாடி. அதுவும் கூண்டுக்குள் நின்று இல்லை, கூண்டின் தலைமேல் கிரீஸ் டப்பாவோடு உட்கார்ந்து. இப்படிப்பட்டவனை ஒருவன் இலவசமாக மேகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறான் என்றால் வேண்டாம் என்றா சொல்வேன்? உங்கள் போனிலேயே என் போட்டோவை எடுத்து, விவரமெல்லாம் அடித்து அனுப்பிவிட்டீர்கள்.

பதினைந்து நாளில் கார்டு வந்தது. கைக்கடிகாரம் வைப்பதுபோல ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் கார்டு, பயணப் பெட்டியில் கட்டிக்கொள்ள என் பேர் பொறித்த ஒரு தோல் பட்டை, நாற்பத்தாறு பக்கத்துக்கு ஒரு புத்தகம். எங்கள் தொழிலில் எழுத்து வேலை குறைவு, மாப்பிள்ளை. லிஃப்ட் கதவுக்கு மேலே ஒரு தகடு இருக்கும்: இத்தனை பேர், இத்தனை கிலோ. அவ்வளவுதான் நிபந்தனை. மீறினால் மணி அடிக்கும். இந்தப் புத்தகத்தில் மணி அடிப்பது ஒன்பதாம் பக்கத்தில். முதல் தொண்ணூறு நாளைக்குள் இவ்வளவு செலவு செய்தால்தான் ஐம்பதாயிரம் மைல் பரிசு என்று அங்கே போட்டிருந்தது. அந்த 'இவ்வளவு' எங்கள் இருவருடைய எட்டு மாதக் குடும்பச் செலவு. உங்கள் அத்தைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மகள் வீடு இங்கிருந்து எத்தனை மைல் என்று கேட்டாள். ஐயாயிரம் இருக்கும் என்றேன். "அப்ப அஞ்சு தடவை போய்ட்டு வரலாமே" என்றாள். இந்த மைல் வேறு அந்த மைல் வேறு, இது சேர்த்து வைத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்கிற ஒருவித மதிப்பெண் என்று விளக்கினேன். அப்படியென்றால் அதற்கு எதற்கு இதே பேரை வைத்தான் என்று கேட்டாள். நான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

சம்பாதிப்பது கஷ்டம் என்று ஊரே சொல்லும். சிக்கனமாகவே வாழ்ந்து பழகிய இரண்டு பேர் மூன்று மாதத்தில் எட்டு மாதச் செலவைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. காய்கறிக்காரம்மா கார்டு வாங்க மாட்டார். செருப்புத் தைப்பவர் வாங்க மாட்டார். வீட்டு வாடகை கட்டினால் கணக்கில் வராது, இன்சூரன்ஸ் கட்டினால் கணக்கில் வராது. அது பதினேழாம் பக்கம். முதல் மாதம் முடிந்தபோது இலக்கில் ஒன்பதில் ஒரு பங்குகூடத் தொடவில்லை. இதற்கிடையில் உங்கள் அத்தை அந்தத் தோல் பட்டையை வீணாக்கக் கூடாது என்று காய்கறிப் பையில் கட்டிவிட்டாள். அதைப் பார்த்த காய்கறிக்காரம்மா தினமும் எப்போது பயணம் என்று கேட்க ஆரம்பித்தார். இன்றைக்கோ நாளைக்கோ கிளம்புகிறவர்களுக்கு ஒரு கிலோ எதற்கு, கெட்டுப்போகும் என்று அவராகவே கால் கிலோ நிறுத்துக் கொடுத்தார். செலவு கூட வேண்டிய நேரத்தில் இப்படிக் குறைந்துகொண்டே போனது.

அப்போதுதான் ப்யூஸ் ஒரு வழி சொன்னான். ப்யூஸ் என்பது எதிர்வீட்டுக்காரன். என் கம்பெனியிலேயே எலக்ட்ரீஷியனாக இருந்து என்னோடு ஓய்வு பெற்றவன். சட்டென்று சூடாகி அடுத்த நிமிஷம் அணைந்துபோகிற குணத்தால் அந்தப் பேர். அவன் புது ஃப்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தான். கார்டை நீ தேய், பணத்தை நான் உன் கையில் கொடுத்துவிடுகிறேன், எனக்கு ஃப்ரிட்ஜ் உனக்கு மைல் என்றான். சொன்னபடி கடை வாசலிலேயே கொடுத்தும் விட்டான். ஆனால் மாடிப்படியில் நடந்தபடி பேசும் பழக்கம் அவனுக்கு. மறுநாள் மூன்றாம் மாடி பாட்டு டீச்சர் மெத்தை வாங்க என்னைக் கூப்பிட்டார். அதற்கடுத்த நாள் வீட்டுச் சொந்தக்காரர் பன்னிரண்டு டப்பா பெயின்ட் வாங்கக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆனால் யாராவது ஒருவரோடு ஏதாவது ஒரு கடையில் கார்டை நீட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர்கள் என்னைத் தரகர் என்று முடிவுகட்டி, கமிஷன் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று தனியே அழைத்துக் கேட்டார்கள். வீட்டுக்காரர் என் கையில் பணம் புரள்வதாக நினைத்து வாடகையைப் பற்றி லேசாக ஒரு வார்த்தை போட்டு வைத்தார். எல்லோரும் கொடுத்த பணத்தை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, கடைசித் தேதியன்று பாங்குக்கு எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு பாங்க் விடுமுறை. மறுநாள் கட்டினேன். ஒரு நாள் தாமதத்துக்கு அவர்கள் போட்ட வட்டியைப் பார்த்து உங்கள் அத்தை, ஒரு நாளைக்கே இவ்வளவு என்றால் இவர்களிடம் நாம் பணத்தைப் போட்டு வைக்கலாமே என்றாள். அது அந்தப் பக்கம் மட்டும் ஓடுகிற லிஃப்ட் என்று சொன்னேன்.

அடுத்து பல். இதை நான் உங்கள் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று நாலு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். பல் டாக்டர் கார்டு வாங்குகிறார் என்று ப்யூஸ் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். டாக்டரம்மா பார்த்துவிட்டு நாலு பல் சரி செய்ய வேண்டும் என்றார். நாலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். போதவில்லை. "வேற ஏதாவது இருக்கா, நல்லா பாருங்க டாக்டர்" என்றேன். இப்படிக் கேட்ட நோயாளியை அவர் தன் அனுபவத்தில் கண்டதில்லை போலிருக்கிறது. விளக்கை இழுத்து அருகில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "தேடினா எல்லார் வாயிலயும் இருக்கும்" என்றார். கடைசியில் பதினொன்று. ஆறு தடவை போனேன். கீழ்த்தாடை முடிந்த அன்று கணக்குப் போட்டதில் பாதிக் கடல் தாண்டியிருந்தோம். மேல்தாடையும் முடிந்தால்தான் தரை இறங்க முடியும். மூன்று வாரம் பாலில் ஊறவைத்த ரொட்டிதான் எனக்குச் சாப்பாடு. நான் சாப்பிடாததால் வீட்டுச் செலவு இன்னும் குறைந்து, இலக்கு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

ஆனாலும் எண்பத்தாறாம் நாள் இலக்கைத் தாண்டிவிட்டோம். உங்கள் அத்தை மகளுக்கு போன் செய்து அறையை ஒழித்து வைக்கச் சொன்னாள். எண்பத்தேழாம் நாள் ப்யூஸ் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான். ஃப்ரிட்ஜ் முனகுகிறதாம். எலக்ட்ரீஷியனாக இருந்துகொண்டு அவனால் அந்த முனகலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லையாம். கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். கடைக்காரர் நியாயமானவர், உடனே பணத்தை கார்டிலேயே திருப்பிப் போட்டுவிட்டார். திருப்பிய பொருள் கணக்கிலிருந்து கழிக்கப்படும். அது முப்பத்தொன்றாம் பக்கம். அவன் கொடுத்த பணத்தை எண்ணி அவனிடமே கொடுத்தேன். நாற்பது வருஷ சிநேகிதர்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், அதாவது தொண்ணூறாம் நாள், அவனே வந்து நான் வேண்டுமானால் இன்னொரு ஃப்ரிட்ஜ் வாங்கட்டுமா என்று கேட்டான். அந்தக் குணம் அவனுக்கு உண்டு. அவன் வீட்டில் ஏற்கெனவே அவன் மனைவி பேசாமல் இருந்ததால் நான் வேண்டாம் என்றேன். மத்தியானம் மூன்று மணிக்கு நானும் உங்கள் அத்தையும் பெரிய கடைக்குப் போனோம். கடை மூடுவதற்குள் இத்தனைக்கு ஏதாவது வாங்கியாக வேண்டும். மாடி மாடியாக நடந்தோம். எங்களுக்குத் தேவையான பொருள் ஒன்றுகூட இல்லை. அதை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உங்கள் அத்தை ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி மூன்று சூட்கேஸ். "எப்படியும் போகத்தானே போறோம்" என்றாள். நாலு மணிக்கு மெஷின் சீட்டைத் துப்பியது. பெரிய சூட்கேஸ் இப்போது கூடத்தில் நிற்கிறது. நாலு பேர் ஏறும் லிஃப்ட்டில் வைத்தால் இரண்டு பேர் படியில்தான் வரவேண்டும்.

ஆறு வாரம் கழித்து மைல் வந்து சேர்ந்தது. பரிசும் செலவுக்கான மைலும் சேர்த்து அறுபத்திரண்டாயிரம். போய்வர ஆளுக்கு முப்பதாயிரம் போதும் என்று புத்தகத்தில் இருந்தது. அன்றைக்குக் காய்கறிக்காரம்மாவிடம் உங்கள் அத்தை தேதி இன்னும் முடிவாகவில்லை, ஆனால் முடிவான மாதிரிதான் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டிக்கெட் எடுப்பதற்கு ஒரு போன் நம்பர். தினமும் காலை பத்து மணிக்கு நான் நம்பரைப் போட, உங்கள் அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அரை மணி நேரம் இசை. அதற்குப் பிறகு ஒரு பெண் பேசுவாள். பல பெண்கள் இருக்க வேண்டும், ஆனால் எங்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெண்தான் கிடைத்தாள். உங்கள் அத்தை அவளுக்கு தேன்குரல் என்று பேர் வைத்தாள். எந்தத் தேதி சொன்னாலும் தேன்குரல் தேடிப் பார்த்துவிட்டு, வருத்தமாக இருக்கிறது என்பாள். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது அவளுக்கு. விமானத்தில் இடம் இருக்கிறதாம், மைலுக்குக் கொடுக்கிற இடம்தான் இல்லையாம். காலியாக இருக்கிற நாற்காலியில் ஒருவர் உட்காருவதற்கும் இன்னொருவர் உட்காருவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். எடை ஒன்றுதானே? அது சிஸ்டம் சார் என்றாள். பன்னிரண்டாம் நாள் அவளே உற்சாகமாக, ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை இன்னொரு இடம் இருக்கிறது என்றாள். நடுவில் இரண்டு ஊரில் இறங்கி ஏற வேண்டும். மொத்தம் முப்பத்தொரு மணி நேரம். நான் போனை மூடிக்கொண்டு உங்கள் அத்தையிடம், நீ செவ்வாய்க்கிழமை போ, குழந்தையை மூன்று நாள் முன்னாடி பார்த்த மாதிரி இருக்கும், நான் பின்னாலேயே வருகிறேன் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "முப்பத்தஞ்சு வருஷமா பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு உங்க கூட சண்டை போட்டிருக்கேன். தனியா போய் ஜன்னல்கிட்ட உக்காந்து யார்கூட சண்டை போடறது?" என்றாள். நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டு, "அதுவுமில்லாம நடுவுல எந்த ஏர்போர்ட்லயாவது லிஃப்ட் ரிப்பேரா நின்னா நீங்களும் அங்கயே நின்னுடுவீங்க" என்றாள். அதில் உண்மை இருக்கிறது. ஒரே விமானத்தில் இரண்டு இடம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தேன்குரலிடம் சொன்னேன்.

அப்போதுதான் எதற்கும் கேட்டு வைப்போம் என்று, வேறே ஏதும் கட்ட வேண்டுமா என்று கேட்டேன். வரி, விமான நிலையக் கட்டணம், எண்ணெய்க்கான கூடுதல் கட்டணம் என்று வரிசையாகச் சொன்னாள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கணக்கு. இலவசம் என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன். "டிக்கெட் ஃப்ரீதான் சார். மத்ததுக்குத்தான் காசு" என்றாள். அடுத்த மாதம் முதல் தேதி போன் செய்தபோது ஆளுக்கு நாற்பதாயிரம் மைல் வேண்டும் என்றாள். நேற்று வரைக்கும் முப்பதுதானே என்று கேட்டேன். "ஆமா சார், நேத்து வரைக்கும்" என்றாள். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? அவளும் மாதச் சம்பளக்காரி. உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் கார்டைப் பற்றிக் கேட்டுவிட்டு ஏதோ ஆபீஸ் போன் வந்து உள்ளே போய்விட்டீர்கள். மகள் போனை குழந்தை பக்கம் திருப்பினாள். உருண்டை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பிடியை விட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். எங்களை என்றால் போனை. மகள் அங்கே கைதட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் அத்தை போனைக் கீழே வைத்துவிட்டுத் துணியை எடுத்து அந்தப் பெரிய சூட்கேஸைத் துடைத்தாள். அதில் தூசியே இல்லை, தினமும்தான் துடைக்கிறாளே. பிறகு, "நாம போறதுக்குள்ள அவளே நடந்து இங்க வந்துடுவா போலிருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை விட்டால் உள்ளே நிற்கிறவர்களுக்குக் கேட்காது, மாப்பிள்ளை. எங்களுக்குக் கேட்கும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் தேன்குரலுக்கு போன் செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே நாலு மாடிக் கட்டிடம் ஒன்றில் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட்டை நூறு தடவையாவது ரிப்பேர் செய்திருப்பேன். அந்த ஆபீஸ் கதவை ஒரு நாளும் தள்ளியதில்லை. உள்ளே ஒரு அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கே, எப்போது, எத்தனை பேர் என்று மூன்றே கேள்வி. பதினொரு நிமிஷம். இரண்டு இடம், பக்கத்துப் பக்கத்தில், ஒன்று ஜன்னல். நடுவில் ஒரே ஒரு ஊர். விலையைச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். ஏன் சார் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மூன்று சூட்கேஸ், டாக்டரம்மா தேடிக் கண்டுபிடித்த ஏழு பல், கார்டின் வருஷக் கட்டணம், ஒரு நாள் தாமதத்துக்கு வட்டி, எல்லாம் கூட்டினால் அந்த விலை போகக் கொஞ்சம் மிச்சமே இருந்தது. இத்தனை மாதத்தில் டிக்கெட் என்ன விலை என்று நாங்கள் யாரிடமும் கேட்டதே இல்லை. இலவசம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் விலை கேட்கிற வாய் தானாக மூடிக்கொள்ளும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து காகிதத்தை உங்கள் அத்தை முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள். இரண்டு பேர் பேரும் ஒரே காகிதத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள். பிறகு, "ஜன்னல் யாருக்கு?" என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, நாங்கள் வருகிற பதினாலாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கே வந்து இறங்குகிறோம். மகளுக்குத் தெரியும், உங்களுக்கு நான் முறையாக எழுதுவதுதான் மரியாதை என்று அவளைச் சொல்ல வேண்டாம் என்றேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தக் கார்டால் பலன் உண்டா? உங்களுக்கு உண்டு. உங்களை ஆபீஸே வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை அனுப்புகிறது, செலவு எப்படியும் நடக்கிறது, கடைசித் தேதிக்கு முன்னாலேயே முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறீர்கள், ஒரு இடம் கிடைத்தாலும் ஏறிவிடுகிறீர்கள். பறக்கிறவனுக்குக் கார்டு சரி. பறப்பதற்காகச் செலவு செய்கிறவனுக்குச் சரிவராது. என் தொழிலை வைத்துச் சொன்னால், லிஃப்ட் தானாக மேலே ஏறுவதில்லை. பின்பக்கம் ஒரு எதிர்எடை இருக்கிறது, அது கீழே இறங்கும்போதுதான் கூண்டு மேலே போகும். நீங்கள் இலவசமாக மேலே போகும்போதெல்லாம் சுவருக்குப் பின்னால் யாரோ இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளாக அது நானும் ப்யூஸும் பாட்டு டீச்சரும்தான் என்று நினைக்கிறேன். வருத்தமில்லை, மாப்பிள்ளைதானே மேலே போகிறார்.

சம்பந்தி அவர்களுக்கு மட்டும் தயவுசெய்து வாங்கிக் கொடுக்காதீர்கள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. போன தடவை இங்கே வந்தபோது சலுகை விலை என்று எழுதியிருந்ததைப் பார்த்து ஐந்து குடை வாங்கியவர் அவர். மழைகூட இல்லை. அவரிடம் ஒரு இலக்கையும் தொண்ணூறு நாளையும் கொடுத்தால் சம்பந்தி அம்மாள் என்னைத்தான் கேட்பார்கள். என்னுடைய கார்டையும் ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

நாங்கள் வருவதால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. பதினெட்டே நாள்தான். கூடத்து சோபா எங்களுக்கு தாராளம். நீங்கள் வேலை செய்யும் அறையை எங்களுக்காக ஒழிக்க வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் கட்டிடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு விரற்கடை தாழ்வாக நிற்கிறது என்று அவள் சொன்னாள். அதை மட்டும் ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

நீங்கள் ஏறுகிற விமானமெல்லாம் நேரத்துக்குக் கிளம்பட்டும், நீங்கள் இறங்குகிற இடத்திலெல்லாம் உங்களுக்காக ஒருவர் காத்திருக்கட்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். மகளுக்கும் உருண்டைக்கும் எங்கள் ஆசி. சம்பந்தி அவர்களுக்கும் அம்மாளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பல் விஷயம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள
மாமனார்

பின்குறிப்பு: எழுதி முடித்ததை உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஒரு விஷயம் விட்டுப்போயிற்று என்கிறாள். நான் எடுத்தது போகிற டிக்கெட் மட்டும்தான்; திரும்பி வருகிற டிக்கெட்டை இந்த வாரக் கடைசியில் எடுக்கலாம் என்று விட்டிருந்தேன். நேற்று நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவளே தேன்குரலுக்கு போன் போட்டிருக்கிறாள். வருவதற்கு மட்டும் என்றால் ஆளுக்கு இருபதாயிரம் மைல் போதுமாம், அந்த ஊரிலிருந்து கிளம்பினால் கூடுதல் கட்டணமும் சொற்பமாம். அந்தப் பெண் நாற்பது நிமிஷம் தேடி, ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்தில், ஜன்னலோடு இரண்டு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டாள். பணம் கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகவில்லை. ஆகவே மேலே கார்டைப் பற்றி நான் எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அருமையான கார்டு. ரத்துக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். சம்பந்தி அவர்களுக்குத் தாராளமாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். திரும்புகிற தேதி மட்டும் நாங்கள் வந்து இறங்கியதிலிருந்து ஐந்து மாதம் ஒன்பது நாள் கழித்து. அதற்கு முன்னால் இரண்டு இடம் சேர்ந்தாற்போல இல்லையாம். மகள் முன்னாடியே ஏற்பாடு செய்த விசாவில் ஆறு மாதம் போட்டிருக்கிறார்கள். மிச்ச நாள் வீணாகிறதே என்று உங்கள் அத்தைக்குக் கொஞ்சம் குறை. உங்கள் மேஜையை மகள் நேற்றே பால்கனிக்கு மாற்றிவிட்டாளாம். அங்கே உங்களுக்கு வெளிச்சம் நன்றாக இருக்கும் என்கிறாள்.